மறிச்சுக்கட்டி: ஊரில் ஒரு கால், புத்தளத்தில் ஒரு கால்

மறிச்சுக்கட்டியிலிருந்து புத்தளம் எவ்வளவு தூரம்? மழையில்லாத காலத்தில், வில்பத்துக் காட்டுப் பாதையின் கேட்டும் திறந்திருந்தால், சுமார் 70 கிலோமீட்டர். சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டவர் கடைகள் திறந்து சூடு பிடிக்கும் நேரத்துக்குப் புத்தளம் டவுனில் நிற்கலாம். கேட் மூடியிருந்தால் வடக்கே சிலாவத்துறை போய், முருங்கனுக்கு ஏறி, மதவாச்சி, அனுராதபுரம் என்று சுற்றி, மறுபடி மேற்கே இறங்கிப் புத்தளம் வர வேண்டும். அது 200 கிலோமீட்டரை நெருங்கும். ஒரு பகல் பஸ்ஸிலேயே கழியும்.

ஒரே ஊர், ஒரே டவுன், இரண்டு தூரம். எந்தத் தூரம் என்பதை அந்த ஊர்க்காரர் எவரும் தீர்மானிப்பதில்லை. மழை தீர்மானிக்கும், வனஜீவராசிகள் திணைக்களம் தீர்மானிக்கும், கொழும்பில் நீதிமன்றம் தீர்மானிக்கும். மீள்குடியேற்றம் என்றால் வீடு கட்டிக் கொடுப்பது என்றுதான் இந்த நாட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மறிச்சுக்கட்டியில் வீடுகள் கட்டப்பட்டுவிட்டன. தூரம் மட்டும் குறையவில்லை.

மன்னார் மாவட்டத்தின் தென்கோடி இது. முசலிப் பிரதேச செயலகப் பிரிவு. தெற்கே மோதரகம் ஆறு; ஆற்றைத் தாண்டினால் வில்பத்து. மேற்கே கடல். கரடிக்குளி, பாலைக்குழி, முள்ளிக்குளம் எல்லாம் பக்கத்து ஊர்கள். வயல், சேனை, மாடு, கடல் என்று நாலு பக்கமும் கை வைத்துப் பிழைத்த பகுதி. இந்த ஊருக்கு ஒரு டவுன் வேண்டுமென்றால் வரைபடத்தில் அருகில் தெரிவது மன்னார்தான். கச்சேரி மன்னாரில், பெரிய ஆஸ்பத்திரி மன்னாரில், வாக்குச்சீட்டும் மன்னார் கணக்கில். ஆனால் பிள்ளைகள் படித்தது புத்தளத்தில். பெண் கொடுத்ததும் எடுத்ததும் அங்கேதான். கடன் கொடுக்கும் கடைக்காரரும் மையித்து வீட்டுக்கு ஓடி வரும் அயலாரும் புத்தளத்தில்தான் இருக்கிறார்கள். கச்சேரி ஓர் ஊரிலும் வாழ்க்கை இன்னோர் ஊரிலுமாக ஆகிப்போனது இவர்கள் விரும்பிச் செய்ததல்ல.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். கொண்டு போகக் கூடிய பணத்துக்கும் பொருளுக்கும் அளவு வைத்தார்கள். சில நாட்களுக்குள் 70,000க்கு மேற்பட்டவர்கள் மாகாணத்தை விட்டுப் போனார்கள். அவர்களில் பெரும் பங்கினர் மன்னார் மாவட்டத்துக்காரர்கள். தீவுக்காரர்கள் படகேறிக் கல்பிட்டியில் இறங்கினார்கள். பெருநிலத்தவர் பலர் தரை வழியே தெற்கே வந்தார்கள். புத்தளம் மாவட்டம் அவர்களை ஏற்றுக்கொண்டது. ஆலங்குடா, தில்லையடி, பாலாவி என்று ஓலைக் கொட்டில்கள் வரிசை வரிசையாக முளைத்தன. வயல்காரர் கல்பிட்டியில் அடுத்தவர் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனார். கடல் தொழில் செய்தவர் உப்பளத்தில் உப்பு வாரினார். ஆறு மாதத்தில் போய்விடலாம் என்று கட்டிய கொட்டிலில் பிள்ளைகள் பிறந்து, ஓ.எல். எழுதி, கல்யாணமும் முடித்தார்கள். 2002 யுத்த நிறுத்தத்தை நம்பி முசலிக்குத் திரும்பிய சிலர், 2007ல் சிலாவத்துறைப் பக்கம் சண்டை வந்ததும் மறுபடி மூட்டை கட்டினார்கள். அந்த 2007ல்தான் உலக வங்கி புத்தளத்து இடம்பெயர்ந்தோருக்கு நிரந்தர வீடு கட்டும் திட்டத்துக்கு 32 மில்லியன் டொலர் கொடுத்தது. அதற்குள் பதினேழு வருடம் ஓடியிருந்தது. ஓடு போட்ட வீடு வந்த பிறகு புத்தளத்தை அகதி முகாம் என்று எப்படிச் சொல்வது?

2009ல் யுத்தம் முடிந்து, ஊருக்குப் போகலாம் என்று அறிவிப்பு வந்தபோது, ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் இரண்டு கட்சி இருந்தது. கிழவர்கள் ஒரு கட்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் மறு கட்சி.

வெள்ளிக்கிழமைப் பை

மறிச்சுக்கட்டிக்கும் பாலாவிக்கும் நடுவே வாழும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பெயர் வேண்டாம், இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. வாப்பா ஊரில். ஒரு துண்டு வயல், நாலைந்து மாடு, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் அடுத்தவர் படகில் ஒரு பங்கு. மூத்தம்மா அவரோடுதான் இருப்பார்; கபுறடி இங்கே இருக்கும்போது வேறெங்கே போவது என்பது அவர் வாதம். உம்மாவும் மூன்று பிள்ளைகளும் பாலாவியில். மூத்தவள் ஏ.எல். விஞ்ஞானம். அதற்கு ஊருக்கு வெளியேதான் போக வேண்டும், ரியூஷன் வேறு. புத்தளத்தில் பாத்திமா கல்லூரி, சாஹிராக் கல்லூரி, நல்ல ரியூஷன் மாஸ்டர்மார் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டாமவனுக்கு இழுப்பு. இரவில் மூச்சு முட்டினால் முச்சக்கர வண்டியில் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. ஊரில் அதே இரவு என்றால் யார் வீட்டு வான் நிற்கிறது என்று தேட வேண்டும்.

ஆக இரண்டு வீடு, இரண்டு கரண்ட் பில், இரண்டு அடுப்பு. வெள்ளிக்கிழமை வாப்பா புத்தளம் புறப்படும்போது பையில் என்ன இருக்கும்? காய்ந்த மீன், எருமைத் தயிர்ச் சட்டி, பருவமாயிருந்தால் ஒரு கடகம் பாலைப்பழம், வீட்டு நெல்லில் குத்திய அரிசி. திரும்பி வரும்போது மூத்தம்மாவின் பிரஷர் மாத்திரை, ஒரு கட்டு பிஸ்கட், வலை தைக்க நைலோன் நூல், யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்ட மோட்டார் உதிரிப்பாகம். போகும் பை கனம், வரும் பையும் கனம். நடுவில் பஸ் கட்டணம். காட்டுப் பாதை மூடியிருக்கும் மாதங்களில் அவர் வராமலே இருந்துவிடுவார், மீனும் தயிரும் ஊரிலேயே மலிவாகக் கைமாறும், புத்தளத்து அடுப்பில் கடை அரிசி வேகும்.

ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் காட்டி, “ஆளே இல்லாத வீட்டுக்கு எதற்குக் காணி, எதற்குக் காடு வெட்டினார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. தெற்கில் அது பெரிய கேள்வியாகவே எழுந்தது. வளைகுடா நாட்டுக் கொடையில் எழுந்த ஜாசிம் சிட்டி வீட்டுத் திட்டத்தின் படங்கள் சிங்கள ஊடகங்களில் சுற்றிய அளவுக்கு இந்த ஊரின் வேறெந்தப் படமும் சுற்றியிருக்காது. பூட்டு உண்மைதான். ஆனால் பூட்டைப் பார்த்தவர்கள் பஸ் நேர அட்டவணையைப் பார்க்கவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடத்துக்காக ஒரு வீடு பூட்டியிருக்கிறது என்றால், அந்த வீட்டுக்குக் குறை வைத்தது வீட்டுக்காரர் அல்ல.

இங்கிலாந்தில் இதே இரட்டை வாழ்க்கை வேறு விதமாக நடக்கிறது. அங்கே பணமுள்ளவர்கள் லண்டனை விட்டுக் கிராமத்துக்குப் போகிறார்கள். கெண்ட், சரே, ஹெர்ட்பர்ட்ஷயர் என்று நகரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் பழைய கல்வீட்டை வாங்கி, தோட்டம் போட்டு, காலை ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். ரே பால் என்ற சமூகவியலாளர் ஹெர்ட்பர்ட்ஷயர் கிராமங்களை ஆராய்ந்து 1965ல் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. காரில் வந்திறங்கிய புதியவர்கள் தங்கள் மனத்தில் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த ஒரு கிராமத்தைத் தேடி வந்தார்கள், அங்கே உண்மையில் வாழ்ந்துகொண்டிருந்த கூலிக் குடும்பங்களின் கிராமம் வேறாக இருந்தது என்பது அவர் கண்ட சாரம். வீட்டு விலை ஏறியது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உள்ளூரில் வீடு வாங்க முடியாமல் போனது.

ஆனால் அங்கேயும் அடிப்படை விஷயம் ரயில்தான். 1963ல் பீச்சிங் என்பவர் நட்டக் கணக்குக் காட்டி 2,000க்கு மேற்பட்ட ரயில் நிலையங்களை மூடச் சொன்னார். நிலையம் தப்பிய கிராமத்தில் வீட்டு விலை ஏறியது. நிலையம் போன கிராமத்துக்காரர் கார் வாங்க வேண்டியிருந்தது, வாங்க முடியாதவர் ஊரை விட்டுப் போனார். இன்னொன்று: லண்டனைச் சுற்றிக் கட்டடம் எழாமல் பசுமை வளையம் வைக்கும் சட்டம் வந்தது 1938ல். வில்பத்து தேசிய பூங்காவானதும் அதே 1938ல், அதே ஆட்சியின் கீழ். அங்கே பசுமை வளையம் உள்ளே இருந்த வீட்டுக்காரனைச் செல்வந்தனாக்கியது. இங்கே காட்டின் விளிம்பில் இருந்தவனுக்கு அது என்ன கொடுத்தது என்பதை எவரும் கணக்கெடுக்கவில்லை.

முத்து எடுத்த காலத்து நகரம்

டவுன் தொலைவில் இருந்த இந்த ஊருக்கு ஒரு காலத்தில் டவுனே நடந்து வந்தது என்றால் இன்று நம்பச் சிரமம். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிலாபம் அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி என்று கரையோரத்தில் இடம் மாறி மாறி நடக்கும். பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக் குளிப்பைப் பார்ப்பதற்கென்றே அரிப்பில் மாளிகை கட்டினார்; ஊர்க்காரர்கள் அதை அல்லிராணிக் கோட்டை ஆக்கிவிட்டார்கள், கடல் அதைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துச்சிலாபத்தின் தலைநகரம் மறிச்சுக்கட்டி.

வருடத்தின் பெரும்பகுதி மணலும் முள்ளுமாகக் கிடந்த கரையில் மாசி, பங்குனியில் 30,000, 40,000 பேர் கூடினார்கள். கீழக்கரை, தொண்டி, இராமேஸ்வரத்துக் குளிகாரர். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள். தமிழ்நாட்டுச் செட்டிமார், பம்பாய் வியாபாரிகள். தேநீர்க்கடைக்காரர், கள்ளர், பாம்பாட்டி, சுறா வாயைக் கட்டுகிறேன் என்று மந்திரம் ஓதும் கடற்கட்டி. படகுகள் விடியுமுன் கடலுக்குள் முத்துச்சிப்பிப் பாருக்குப் போய்ப் பிற்பகலில் சிப்பியோடு கரை தட்டும். வேலியடைத்த கொட்டுக்குள் சிப்பியைக் கொட்டி மூன்று கும்பமாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளிகாரருக்கு. அரசாங்கப் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பி என்ன விலை என்று ஏலத்துக்கு வரும். வாங்கியவர் சிப்பியை அழுக விட்டு, புழுத்ததைக் கழுவி அலசி முத்தைப் பொறுக்குவார். அந்த நாற்றத்தையும் இலையான் மொய்ப்பையும் எழுதாத வெள்ளைக்காரப் பயணி கிடையாது. 1905ல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வந்தது. மறு வருடம் சிலாபத்து வேலைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப், வயது 25. இங்கே கண்டதை வைத்துப் பிற்பாடு ஒரு சிறுகதை எழுதினார். காடு விழுங்கிய கிராமமொன்றைப் பற்றி அவர் 1913ல் எழுதிய நாவல்தான் உலகப் புகழ் பெற்றது. அது அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கதை, ஆனாலும் முசலிக்காரர் படித்தால் தங்கள் ஊர் என்றே நினைப்பார்கள்.

இந்தக் கதையில் என்னை நிறுத்துவது முத்து அல்ல. அரசாங்கத்துக்கு வருமானம் இருந்த அந்த இரண்டு மாதத்துக்கு மறிச்சுக்கட்டியில் நீதிமன்றம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, சிறை இருந்தது, தபாலும் தந்தியும் இருந்தன, குடிதண்ணீருக்கு ஏற்பாடு இருந்தது, தூத்துக்குடியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கப்பல் வந்தது. ஓலையிலும் கம்பிலும் எல்லாம் சில வாரத்தில் கட்டி எழுந்தன. அதே 1905ல்தான் தெற்கே வில்பத்துச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பிறகு பார்களை ஒரு கம்பனி 1906ல் இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது, சிப்பி ஏமாற்றியது, கம்பனி இருபது வருடம் தாக்குப்பிடிக்கவில்லை. முத்து போனதும் நகரமும் போனது. ஊர் மிஞ்சியது.

காடும் காணியும்

மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்டது என்று எழுந்த வில்பத்து விவகாரத்தை இரண்டு பக்கமும் பாதி பாதி சொல்லியே வளர்த்தார்கள். பிரச்சினைக்குரிய குடியிருப்புகள் தேசிய பூங்காவின் உள்ளே இல்லை. ஆற்றுக்கு வடக்கே இருக்கின்றன. 2015ல் ‘வில்பத்துவைக் காப்போம்’ என்று கிளம்பிய பிரசாரத்தில் இந்த வேறுபாடு அடிபட்டுப் போனது. அதே சமயம், வெட்டப்பட்டது காடே இல்லை என்று நம் பக்கத்துப் பேச்சாளர்கள் மேடை போட்டுச் சொன்னதும் உண்மையில்லை. இருபது வருடம் மனிதர் கை படாத காணியில் பாலையும் வீரையும் வளர்ந்து நின்றன. அது காணியும்தான், காடும்தான்.

2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி பகுதியை ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். வயலில் இறங்கி எல்லைக்கல் பார்க்காமல், செயற்கைக்கோள் கருவியை வைத்து அலுவலகத்திலிருந்தே கோடு போட்டுவிட்டார்கள் என்பது ஊர்க்காரர் முறைப்பாடு. பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், எருக்கலம்பிட்டியில் பிறந்த புவியியலாளர், வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் திரும்புதலையும் தம் வாழ்நாள் வேலையாகச் செய்தவர், 2015ல் முசலித் தெற்கைப் பற்றியே தனி நூல் எழுதினார். திரும்பும் உரிமை மறுக்கப்படுகிறது என்பது அவர் முடிவு. 2018ல் அவர் காலமானார். அவருக்குப் பிறகு அந்த அளவுக்குத் தரவோடு இதைப் பேச ஆள் வரவில்லை.

2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யா போயிருந்த இடத்தில், மொஸ்கோவில் வைத்தே, மாவில்லு பேணற்காட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். 40,000 ஹெக்டயருக்கு மேல். அதைக் கேட்டு மறிச்சுக்கட்டியில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும் அந்த வெயிலில் இருந்தார்கள். அதே காலத்தில் பக்கத்து முள்ளிக்குளத்திலும் போராட்டம். அது தமிழ்க் கத்தோலிக்க ஊர். 2007ல் ஊரைக் காலி செய்யச் சொன்ன கடற்படை அங்கேயே முகாம் அமைத்துவிட்டது. மக்கள் பத்து வருடம் தங்கள் தேவாலயத்தையும் குளத்தையும் வேலிக்கு இப்பாலிருந்து பார்த்தார்கள். 2017 ஏப்ரல் இறுதியில் ஒரு பகுதிக் காணியை விடுவதாகக் கடற்படை ஒப்புக்கொண்டது. ஒருவரைப் புலிகள் துரத்தினார்கள், ஒருவரைக் கடற்படை வெளியேற்றியது. சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கொட்டகை. இரண்டும் ஒரே கொட்டகையாகியிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுற்றாடல் நீதிக்கான நிலையம் 2015ல் தொடுத்த வழக்கு அது. கல்லாறு ஒதுக்கக் காட்டில் மரம் வெட்டிக் குடியேற்றியது சட்டத்துக்கு முரண். வெட்டிய அளவுக்கு வேறிடத்தில் மரம் நட முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் தம் செலவில் பணம் கொடுக்க வேண்டும். தீர்ப்பு அமைச்சரைப் பற்றியது. ஆனால் இந்தக் கரைக்கு ஆள் திரும்பி வருவதே குற்றம் என்று தெற்கில் அதைப் படித்தவர்கள் ஏராளம்.

எந்தப் பாதை, எந்த நேரம்

இப்போது பாதைக்கு வருவோம். புத்தளத்திலிருந்து எலுவன்குளம், அங்கே கலா ஓயாவின் குறுக்கே தாழ்ந்த சப்பாத்துப் பாலம், பிறகு பொம்பரிப்பு வழியே வில்பத்தின் மேற்கு ஓரமாக வடக்கே வந்து மோதரகம் ஆற்றைத் தாண்டினால் மறிச்சுக்கட்டி. ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் போன்ற முதுமக்கள் தாழி கிடைத்த இடம் பொம்பரிப்பு. இந்த வழியில் மனிதர் நடமாட்டம் நேற்று வந்ததல்ல. பழைய கொழும்பு–யாழ்ப்பாணத் தபாலும் இந்தக் கரையோரமாகத்தான் போனது. யுத்தத்தில் மூடிக் கிடந்த பாதையை 2010ல் திறந்தார்கள். பஸ் ஓடியது. புத்தளத்துக்கும் முசலிக்கும் நடுவே வாழ்ந்த குடும்பங்களுக்கு அதுதான் உண்மையான மீள்குடியேற்றம்.

அதே வருடம் சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. தேசிய பூங்காவுக்குள் பொதுப் பாதை சட்டப்படி கூடாது என்பது அவர்கள் வாதம். அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. 1,317 சதுர கிலோமீட்டர். சிறுத்தையும் கரடியும் யானையும் உலவும் காடு. வில்லு என்று சொல்லும் இயற்கை நீர்நிலைகளுக்காக 2013ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். தார் போட்டு அகலமாக்கினால் இரவு லொறி வரும், லொறிக்குப் பின்னால் மரக் கள்ளனும் வேட்டைக்காரனும் வருவார்கள். பாதையைக் கேட்கும் அரசியல்வாதிகள் பலருக்குக் கொழும்பு–மன்னார் குறுக்குவழிதான் தேவை. மறிச்சுக்கட்டி மூத்தம்மாவின் பிரஷர் மாத்திரை அவர்கள் கணக்கில் இல்லை. இந்த இடத்தில் நான் சூழல்காரர்களோடு நிற்கிறேன். காப்பெட் பாதை கூடாது.

ஆனால் காப்பெட் போடுவதற்கும் முழுசாக மூடுவதற்கும் நடுவே வழியே இல்லையா? கர்நாடகத்தின் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்துக்கு நடுவே தேசிய நெடுஞ்சாலை போகிறது. 2009 முதல் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வாகனங்களுக்குத் தடை. ஆம்புலன்ஸுக்கும் குறிப்பிட்ட சில பஸ்களுக்கும் மட்டும் விலக்கு. சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பெப்ரவரியிலிருந்து இரவுத் தடை. உள்ளூர்க்காரருக்குப் பிறகு தளர்வு கிடைத்தது. இரண்டு இடத்திலும் சண்டை ஓயவில்லை. ஆனால் புலியும் இருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது. கிரவல் பாதையாகவே வைத்து, பகலில் மட்டும், எண்ணி இரண்டு மூன்று பஸ், ஆம்புலன்ஸ், முசலி விலாசம் உள்ளவர் வாகனம், கேட்டில் பதிவு, வேகத்துக்குத் தடுப்பு என்று ஒரு ஒழுங்கை இந்த நாட்டில் செய்ய முடியாதென்று சொன்னால், செய்ய மனமில்லை என்றுதான் பொருள்.

அப்படியே திறந்தாலும் மாரி மழை இருக்கிறது. மேலே ராஜாங்கனை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகளைத் திறந்தால் எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேல் ஆறு ஓடும். அன்றைக்குக் கேட்டைத் திறந்து வைத்து என்ன பயன்? ஆகவே பாதை பாதித் தீர்வுதான். மீதிப் பாதி முசலிக்குள்ளேயே இருக்கிறது. சிலாவத்துறை வைத்தியசாலையில் இரவு டாக்டரும் பிரசவத்துக்கு வசதியும் இருந்தால் பாலாவி வீட்டின் அவசரம் பாதி குறையும். முசலிப் பள்ளிகளில் ஒன்றிலாவது உருப்படியான விஞ்ஞான, கணித ஏ.எல். வகுப்பு, மன்னார் டவுனிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மணியடித்ததும் அதே பஸ்ஸுக்கு ஓடாமல் ஊரிலேயே தங்கும் ஆசிரியர்கள், அவர்களுக்கு ஒரு விடுதி. இதற்கெல்லாம் காட்டில் ஒரு கிளை வெட்ட வேண்டியதில்லை. வழக்குப் போட ஆள் வராது.

ஏன் செய்யவில்லை? ஒரு காரணம், ஆள் எங்கே இருக்கிறார்கள் என்றே அதிகாரிகளுக்குப் பிடிபடவில்லை. மன்னார் கச்சேரி இவர்களைப் புத்தளத்துக்காரர் என்கிறது. புத்தளம் கச்சேரி மன்னார்க்காரர் என்கிறது. வாரத்தில் நாலு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்று வாழ்பவருக்குக் கிராம சேவகரின் பதிவேட்டில் கட்டம் கிடையாது. பதிவுக்குப் போய் நின்றால், “நீங்கள் இங்கே நிரந்தரமாக இருப்பவரா?” என்பது முதல் கேள்வி. ஹெர்ட்பர்ட்ஷயரிலிருந்து லண்டனுக்குத் தினம் போய் வருபவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

இரண்டாவது காரணம் வாக்கு. இடம்பெயர்ந்தவர் ஊர்ப் பட்டியலிலேயே வாக்காளராக இருக்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது, நியாயமான சட்டம். ஆனால் அதனால் தேர்தல் நாளில் மட்டும் இந்தத் தூரம் மாயமாகக் குறைந்துவிடும். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் புறப்பட்ட முஸ்லிம்களின் பஸ்கள் நூறுக்கு மேல், அனுராதபுரம் மாவட்டத்துத் தந்திரிமலை வழியே சுற்றிக்கொண்டு வந்தன. விடியுமுன் வீதியில் டயர் எரித்து மறித்து, கல்லெறிந்து, துப்பாக்கியாலும் சுட்டார்கள். பஸ்களில் துளை விழுந்தது. தெய்வாதீனமாக உயிர் போகவில்லை. வண்டி திரும்பவில்லை. பயந்த பெண்களும் முதியவர்களும் பொலிஸ் காவலோடு முசலி வந்து வரிசையில் நின்று வாக்குப் போட்டார்கள்.

அன்றைக்கு அந்த நூறு பஸ்ஸுக்கும் டீசல் போட ஆள் இருந்தது, ஒழுங்கு செய்யக் கட்சி இருந்தது. வன்னித் தேர்தல் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களே, எந்தக் கட்சியானாலும் சரி: அடுத்த தேர்தலுக்குப் பஸ் பிடிக்கு முன் வடக்கு ஆளுநரிடமும் கல்வித் திணைக்களத்திடமும் போய், முசலியில் ஒரு ஏ.எல். விஞ்ஞான வகுப்புக்கும், சிலாவத்துறையில் ஓர் இரவு டாக்டருக்கும், மறிச்சுக்கட்டியிலிருந்து பகலில் புறப்படும் ஒரு நேர்வழி பஸ்ஸுக்கும் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் ஊருக்குக் காட்டுங்கள்.